மைக்கில் வந்த மன்னிப்பு

மார்ச் 4

அன்புத் தங்கச்சிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்காலைத் தவிர மற்ற எல்லோரும் சுகம். உன் சர்க்கரை எந்த மட்டில் இருக்கிறது? மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா? எழுத்தில் தப்பு இருந்தால் நீயே திருத்திக்கொள். நாலாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன். படிக்கிறவள் ரிட்டயர்டு டீச்சர்.

வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். போன சனிக்கிழமை உன் ஊருக்கு வந்தேன். உன் வீட்டுக்கு வரவில்லை.

எனக்கு எழுபது முடிந்ததற்கு மகள் கொடுத்த பரிசு அது. காலையில் ஏறினால் சாயங்காலம் இறங்குகிற படகு. பறவை, மிருகம் எல்லாம் காட்டுவார்களாம், சாப்பாடும் அதிலேயே. "அம்மா, இன்னைக்கு ஒரு நாள் நீ எதையும் துவைக்கக் கூடாது, மடிக்கக் கூடாது, சும்மா படுத்துக் கெட"ன்னு உத்தரவு. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் முப்பத்தோரு வருடம் இருந்த கை சும்மா இருக்குமா? படகில் கொடுத்த போர்வையை விரிப்பதற்குப் பதிலாக நாலாக மடித்துவிட்டேன். மகள் பிடுங்கிக்கொண்டாள்.

மேல்தட்டில் கால் நீட்டிப் படுக்கிற நாற்காலி. படுப்பது சுலபம், எழுப்புவதற்குத்தான் இரண்டு ஆள் வேண்டும். மருமகன் வாடகைக்கு ஒரு பைனாகுலர் வாங்கி அரைமணி நேரம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் ரொம்பத் தூரத்துல இருக்கே"ன்னு சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை ஆயிற்றே என்று நான் சிரிக்கவில்லை. பேத்தி சிரித்தாள்.

நீர்க்காகங்கள் கட்டைமேல் உட்கார்ந்து, துணி காயப்போட்ட மாதிரி இறக்கையை விரித்து வைத்திருந்தன. ஒரு மரத்தண்டில் ஒன்பது ஆமை. மகள் ஏழு என்றாள். ஒன்பதுதான், நான் எண்ணினேன். அப்புறம் நீர்நாய், தாயும் இரண்டு குட்டியும். மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு வந்து, கல்மேல் ஏறி, மீனைத் தலையிலிருந்து நறுக்கு நறுக்கென்று தின்றது தாய். ஒரு குட்டி திருடப் பார்த்தது. தாய் பின்னங்காலால் ஒரு உதை விட்டது. நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். இவ்வளவு வருடத்தில் அப்படிச் சிரித்தது கிடையாது, தங்கச்சி. சாயங்காலம் நேரே உன் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டி உன்னைத் திடுக்கிட வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். உனக்கு வாங்கிய சால்வையும் பையில் இருந்தது.

மூன்று மணி இருக்கும். படகு பெரிய ஆற்றை விட்டு ஓடைக்குள் திரும்பியது. எஞ்சினை நிறுத்தினார்கள். அந்தப் பழைய படகுக் கொட்டகை இன்னும் விழாமல் நிற்கிறது, உனக்குத் தெரியுமா? அது எப்போதோ போயிருக்கும் என்று நினைத்திருந்தேன். யாரும் தூக்கிவிடாமல் எழுந்து உட்கார்ந்தேன். விளக்கம் சொல்கிற பெண் மைக்கைப் பிடித்து ஒரு கதை சொன்னாள். நன்றாகச் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். மருமகனும் தட்டினார்.

அப்புறம் எனக்குத் தலைவலி. நேரே வீட்டுக்குப் போகலாம் என்று மகளிடம் சொல்லிவிட்டேன். இறங்கும்போது அந்தப் பெண்ணிடம், "கதை எங்கம்மா புடிச்ச?"ன்னு கேட்டேன். "எங்க வீட்டுக்காரம்மா சொன்னாங்க பாட்டி, ரிட்டயர்டு டீச்சர். நான் அவங்க மாடியில குடியிருக்கேன்"னு சொன்னாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் எழுது.

அக்கா

•

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கு நானும் மகனும் மருமகளும் நலமாக இருக்கிறோம். சர்க்கரை நூற்று நாற்பதுக்குள் நிற்கிறது. உன் முழங்காலுக்கு மருத்துவர் சொன்ன பயிற்சியைச் செய்கிறாயா?

இவ்வளவு தூரம் வந்துவிட்டு வாசலைக்கூட மிதிக்காமல் போனது எனக்குப் பெரிய வருத்தம். முன்னதாக ஒரு வரி எழுதியிருந்தால் படகுத்துறைக்கே வந்திருப்பேன். நீர்நாயைப் பற்றி நீ எழுதியதை மருமகளுக்குப் படித்துக் காட்டினேன், மிகவும் ரசித்தாள்.

படகில் சொல்கிற கதைகளெல்லாம் பயணிகளுக்காகக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் சொல்பவை. அவற்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. வெயில் ஏறிவிட்டது, தண்ணீர் நிறையக் குடி. மற்றவை பிறகு.

உன் தங்கை

•

மார்ச் 23

தங்கச்சிக்கு,

நான் சுகம். நீயும் சுகம்தான் என்று எழுதியிருக்கிறாய், சந்தோஷம்.

கூட்டியது குறைத்தது எது என்று நீயே பார்த்துச் சொல். அந்தப் பெண் மைக்கில் பேசியதை ஒரு சொல் தவறாமல் எழுதுகிறேன். எனக்குப் படிப்புத்தான் கிடையாது, காது உண்டு.

"வலது பக்கம் பாருங்க, அந்தக் கொட்டகை. ஐம்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு பொண்ணு, புருஷன் வீட்டுல ஏதோ சின்ன மனஸ்தாபம், ஓடி வந்து இதுல மூணு நாள் ஒளிஞ்சிருந்தா. தங்கச்சிதான் தினமும் ரொட்டி கொண்டாந்து கொடுப்பா. அக்கா மேல அவ்வளவு பாசம்! கடைசில அந்தத் தங்கச்சியே அப்பாகிட்ட இடத்தைச் சொல்லி, அக்கா வாழ்க்கையைக் காப்பாத்திட்டா. அக்காவும் அப்பவே கட்டிப்புடிச்சு மன்னிச்சிட்டாங்க. இப்பவும் ரெண்டு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் உசிரு!"

சின்ன மனஸ்தாபம்! என் இடது கைச் சுண்டுவிரலைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினாரே, அது என்ன மனஸ்தாபம்? பத்தொன்பது வயதில் வளைந்த விரல் இன்னும் நிமிரவில்லை. அந்த விரலை அவளிடம் சொல்லாமல் விட்டுவிட்டாய். ரொட்டியைச் சொல்லியிருக்கிறாய்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம்மா அந்தத் தங்கச்சி, சின்ன வயசுல எவ்வளவு பெரிய பொறுப்பு"ன்னு சொன்னாள். கொட்டகையில் ஒளிந்தது அவள் அம்மா என்றும், மனஸ்தாபக்காரர் அவள் அப்பா என்றும் அவளுக்குத் தெரியாது. நான் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் அங்கே இருப்பது இரண்டே பேருக்குத் தெரியும். படகில் ஏற்றி அக்கரையிலிருந்து கொண்டுவந்து விட்ட அண்ணனுக்கு, ரொட்டி கொண்டுவந்த உனக்கு. மூன்றாம் நாள் அப்பாவும் அவரும் தேடக்கூட இல்லை, நேராகக் கொட்டகைக்கு நடந்து வந்தார்கள். நீ என் சேலையைப் பிடித்துக்கொண்டு கதறினாய். அதைப் பார்த்துத்தான், சொன்னது அண்ணன் என்று நான் முடிவுகட்டினேன். ஐம்பத்தோரு வருடம் அப்படியே வைத்திருக்கிறேன்.

நீயா சொன்னாய்?

என்னைக் கேட்காமல் என் பேரில் நீயே மன்னித்துக்கொண்டாயே, அது எப்போது?

போன் போடாதே. போனில் நீ அழுவாய், நான் விட்டுவிடுவேன். எழுது.

அக்கா

•

ஏப்ரல் 20

டீச்சருக்கு,

சுகம். நான்கு வாரம் ஆகிவிட்டது. கடிதம் வழியில் தொலைந்துவிட்டதோ என்று தபால்காரரைக் கேட்டேன். "பாட்டி, தொலஞ்சா உங்க லெட்டர் மட்டும் ஏன் தொலையணும்"னு கேட்கிறார். நியாயமான மனிதர்.

நீ இரண்டு தடவை போன் செய்ததாக மகள் சொன்னாள். குளிக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். இரண்டு தடவையும் குளிக்கவில்லை.

அக்கா

•

மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும் என்பதே எப்போதும் என் எண்ணம். பதில் தாமதமானதற்கு என் கண் ஒரு காரணம், இன்னொரு கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆம், நான்தான் சொன்னேன். அப்போது எனக்குப் பதினான்கு வயது என்பதை நீ நினைத்துப் பார்க்க வேண்டும். மழை பிடித்துவிட்டது. ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஓடை நிரம்பினால் கொட்டகை மூழ்கிவிடுமே, அக்கா உள்ளே தனியாக இருக்கிறாளே என்று பயந்தேன். உன் உயிர் போய்விடும் என்ற பயத்தில்தான் அப்பாவிடம் சொன்னேன். குழந்தை செய்ததைக் குழந்தை செய்ததாகவே எடுத்துக்கொள்வாய் என்று நம்புகிறேன்.

உடம்பைக் கவனித்துக்கொள் அக்கா.

உன் தங்கை

•

மே 6

டீச்சருக்கு,

கண்ணாடி வந்ததும் இதைப் படி. அவசரமில்லை.

மழை பெய்யவில்லை. அது ஆறு சுண்டிக் கிடந்த மாதம். அக்கரையிலிருந்து வரும்போது அண்ணன் இரண்டு இடத்தில் இறங்கிப் படகைத் தள்ளினான். ஓடையில் பொட்டுத் தண்ணீர் கிடையாது, சேறுதான். நீ மூன்று நாளும் சேற்றில் நடந்துதான் வந்தாய். இரண்டாம் நாள் இடது செருப்பு சேற்றில் மாட்டி வார் அறுந்துபோனது. இந்த வளைந்த விரலை வைத்துக்கொண்டு சணல் கயிற்றால் நான்தான் கட்டிக் கொடுத்தேன். அப்பாவிடம் அந்தச் செருப்போடுதான் போயிருப்பாய்.

எழுத்துக் கூட்டத் தெரிந்தவளுக்குப் பொய் கூட்டத் தெரியவில்லை. அல்லது எனக்கு மறந்திருக்கும் என்று நினைத்தாயா? எனக்கா?

நான் அண்ணனுக்குச் செய்ததைக் கேள். அவன் கல்யாணத்துக்குப் போகவில்லை. வேலை தேடி அவனும் இந்த ஊருக்கே வந்தான், இரண்டு தெரு தள்ளி மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை போட்டான். அந்தக் கடை வாசலை மிதிக்கக் கூடாது என்று இருபத்தெட்டு வருடமாகச் சுற்றுவழியில் மார்க்கெட்டுக்குப் போகிறேன். பன்னிரண்டு நிமிடம் அதிகம். டாக்டர் என் முழங்காலுக்கு வயதுதான் காரணம் என்கிறார், அவருக்கு என்ன தெரியும். என் வீட்டுக்காரர் இறந்த அன்று அண்ணன் வந்து படியில் நின்றான். "யாரு கூப்பிட்டா உன்னை?"ன்னு எல்லோர் முன்னாலும் கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அவன் பெண்டாட்டி இறந்தபோது தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன்.

இதெல்லாம் உனக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் உனக்குத்தான் எழுதினேன். "அண்ணன் செய்தது தப்புதான் அக்கா, ஆனாலும் மனதை ஆற்றிக்கொள்" என்று நீ எழுதிய பதில் என் பெட்டியில் இருக்கிறது. லீவுக்கு இங்கே வரும்போதெல்லாம் மத்தியானம் என் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் அவன் வீட்டில் டீ குடித்தாய்.

உண்மையை எழுது. ஏன் சொன்னாய்?

அக்கா

•

ஜூன் 11

அக்கா,

நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் மகனிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்கிறேன்.

அப்பா என்னை அடிக்கவில்லை, மிரட்டவும் இல்லை. பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சொன்னார்: "உங்கக்கா புருஷன் வீட்டுக்குப் போகலேன்னா இங்கதான் வந்து நிப்பா. ரெண்டு பொண்ணை வீட்டுல வெச்சுக்கிட்டு ஒருத்தியை டவுன் ஸ்கூலுக்கு அனுப்ப என்னால ஆகாது. அவ எங்கன்னு உனக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். நீயே யோசிச்சுக்க."

நான் யோசித்தது ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம்தான்.

வெள்ளிக்கிழமை உன்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடம் போனேன். உன் சேலையைப் பிடித்து அழுதது நடிப்பு இல்லை. அதை நீ நம்பாவிட்டாலும் எழுதுகிறேன்.

சொன்னது அண்ணன் என்று நீயாக நினைத்துக்கொண்டாய். முதலில் மறுத்துச் சொல்லத் தைரியம் இல்லை. பிறகு வேலை, கல்யாணம், பிள்ளை. ஒவ்வொரு வருடமும் சொல்வது கடினமாகிக்கொண்டே போயிற்று. மாடிப் பெண்ணுக்கு உன்னைத் தெரியாது, அதனால் அவளிடம் சொல்ல முடிந்தது. மழை நாட்களில் படகு ஓடாது, கீழே வந்து உட்கார்ந்து கதை கேட்பாள். சொல்லி முடித்ததும், "அப்புறம் அக்கா என்ன சொன்னாங்க?" என்றாள். அக்காவுக்கு இன்றுவரை தெரியாது என்று எப்படிச் சொல்வேன்? மன்னித்துவிட்டாள் என்றேன். சொல்லிக் கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? அவள் அதைப் படகில் சொல்வாள் என்று தெரியாது. நீ அந்தப் படகில் ஏறுவாய் என்று கனவிலும் நினைக்கவில்லை.

என்னை எது வேண்டுமானாலும் சொல். அண்ணனிடம் மட்டும் சொல்லிவிடாதே. எழுபத்து மூன்று வயது. இத்தனை வருடம் தன் மேல் விழுந்த பழி என்னுடையது என்று தெரிந்தால் அவர் தாங்கமாட்டார். எனக்கும் இனி அந்த வீட்டுக்குப் போக முகம் இருக்காது.

தங்கை

•

ஜூன் 15

டீச்சருக்கு,

கடிதம் கிடைத்தது. இந்தத் தடவை பொய் இல்லை, தெரிகிறது.

அண்ணன் தாங்குவானா மாட்டானா என்று நீ கவலைப்பட வேண்டாம். ஐம்பத்தோரு வருடம் தாங்கியவன். ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருக்காது, வீட்டில்தான் இருப்பான். போகிறேன்.

அக்கா

•

ஜூன் 22

அக்கா,

நேற்று ஞாயிறு. நீ போனாயா இல்லையா என்று தெரியாமல் இங்கே எந்த வேலையும் ஓடவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை.

மாடிப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொல்லி, இனி அந்தக் கதையைச் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டேன். பாவம், அழுதுவிட்டாள். ஆனால் படகு ஆபீசில் அதை நோட்டீஸில் அச்சடித்துவிட்டார்களாம். "அக்கா தங்கை மன்னித்துக் கட்டிப்பிடித்த கொட்டகை" என்று படத்தோடு போட்டிருக்கிறார்கள். இரண்டாயிரம் பிரதி. பயணிகள் அங்கே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்களாம், நிறுத்த முடியாதென்கிறார்கள்.

ஒரு வரி எழுது அக்கா. திட்டியாவது எழுது.

தங்கை

•

ஜூலை 2

தங்கச்சிக்கு,

போனேன். குறுக்குவழியில் போனேன், நாலு நிமிடம்தான் ஆனது.

கதவைத் திறந்தவன் என்னைப் பார்த்ததும், "யாரு செத்தா?"ன்னு கேட்டான். யாரும் சாகவில்லை என்றேன். உள்ளே விட்டான். நாற்காலியில் கிடந்த செம்புக் கம்பிச் சுருளை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு உட்காரச் சொன்னான். காது மந்தமாகிவிட்டது. நான் கத்த வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் நம் கதை இப்போது தெரியும். படகு முழுக்கத் தெரிந்த பிறகு இதிலென்ன.

"அன்னைக்கு அப்பாகிட்ட சொன்னது நீ இல்ல, தங்கச்சிதான். எனக்கு இப்பதான் தெரிஞ்சுது"ன்னு சொன்னேன். அவன் அசையவே இல்லை. கேட்கவில்லையோ என்று திரும்பக் கத்தினேன்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு. எனக்குத் தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"அன்னைக்கே. நான் அப்பாகிட்ட சொல்லிடலாம்னுதான் வீட்டுக்குப் போயிட்டிருந்தேன். அதுக்கு முன்னாடி உன் மாமனார் துறைக்கு வந்து, உன்னைக் காட்டலேன்னா என்னோட படகைக் கொளுத்திடுவேன்னு சத்தம் போட்டாரு. பயந்துட்டேன். பாதி வழியில பாத்தா அப்பாவும் உன் புருஷனும் எதிர்ல வர்றாங்க, இவ பின்னாடி நின்னு அழறா. முந்திக்கிட்டான்னு தெரிஞ்சுபோச்சு."

"அப்ப நீ சொல்லலைதானே?"

"சொல்லல. ஒரு கால் மணி நேரம் முன்னாடி கெளம்பியிருந்தா சொல்லியிருப்பேன்."

"இத்தனை வருஷமா நான் உன்னைப் பேசின பேச்சுக்கு ஒரு தடவையாவது வாயைத் தொறந்தியா?"

"செய்யாததுக்குப் பேச்சு வாங்குறோம்னு எனக்குத் தோணவே இல்ல. செய்ய நெனச்சதுக்கு வாங்குறோம்னு வாங்கிக்கிட்டேன்."

எழுந்து அவனை அடிக்கலாமா என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்கத்தானே போனேன்? அதற்கும் வழி இல்லாமல் பண்ணிவிட்டான். கொட்டகையில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தேனே, என் பக்கம் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்ற ஒரே தெம்பில்தான் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரும் அப்பாவிடம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். உன் கால் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான்.

டீ போட்டுக் கொடுத்தான். சர்க்கரை அதிகம். குடித்துவிட்டு வந்தேன். மகள் கேட்டாள், எங்கே போனாய் என்று. விரலைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அப்பாவைப் பற்றி அவளிடம் நான் பேசியது இதுதான் முதல் தடவை. ரொம்ப நேரம் என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நோட்டீஸை அவர்கள் இஷ்டத்துக்குக் கொடுக்கட்டும். அதில் கட்டிப்பிடித்த அக்கா யாரோ, எனக்குத் தெரியாது. நான் உன்னை மன்னிக்கவில்லை. யார் கேட்டாலும் அப்படியே சொல், இந்தத் தடவையாவது நான் சொன்னதைச் சொல்.

செய்யாமல் விட்டவனுக்கு ஐம்பத்தோரு வருடம் கொடுத்துவிட்டேன். செய்தவளுக்குக் கொடுக்க என்னிடம் அவ்வளவு இல்லை. எனக்கு எழுபது, உனக்குச் சர்க்கரை. அதனால் இருக்கிற நாளுக்குள் பட வேண்டிய கோபத்தை ஒழுங்காகப் பட்டு முடிக்க வேண்டும். நடுவில் நீ எழுதினால் எனக்குக் கணக்குத் தப்பிவிடும். நானாக எழுதுகிற வரைக்கும் எழுதாதே.

மாத்திரையை மட்டும் விட்டுவிடாதே. நான் முடிக்கிறபோது நீ இருக்க வேண்டும்.

அக்கா